பூனையைப் பிடிக்க வாங்கின டார்ச்

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். குரோம்பேட்டை போய் ஒரு யூவி டார்ச் வாங்கணும்.

எதுக்கு? எங்க சோபா ரெண்டு நாளா நாறுது! "புரட்டாசி விரதம் இருக்கற வீடு இப்படியா இருக்கும்? எதாவது பண்ணுங்க"ன்னு என் பொண்டாட்டி சுதா ஒரே புலம்பல்.

பக்கத்து ஃப்ளாட் ஸ்டெல்லா அக்காவோட பூனை வேற அந்த சோபாவையே சுத்திச் சுத்தி வருது. விடுவேனா? "உங்க பூனை எங்க சோபால மூத்திரம் போயிடுச்சு"ன்னு நேராவே சொல்லிட்டேன்.

அக்காவுக்கு வந்துதே கோவம்! "நிரூபிங்க தம்பி, புது சோபாவே வாங்கித் தரேன். இல்லேன்னா என் பூனைகிட்ட மன்னிப்பு கேக்கணும்!"

கடைக்காரர்கிட்ட, "இது எப்படிண்ணா வேலை செய்யுது?"ன்னு கேட்டேன்.

"இதுலேர்ந்து வர்ற வெளிச்சம் முக்கால்வாசி நம்ம கண்ணுக்குத் தெரியாது சார். சில பொருளுங்க மட்டும் அதை உள்ள வாங்கிக்கினு, தெரியற வெளிச்சமா திருப்பி வுடும். அதான் மின்னுது. பூனை மூத்திரம் காஞ்சிருந்தாலும் காட்டிக் குடுத்துடும்!"

வீட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லா அக்கா, சுதா, பூனை எல்லாரும் ஆஜர். ஸ்கிரீனை இழுத்துவிட்டு லைட்டை அணைச்சேன்.

டார்ச்சைப் போட்டதும் முதல்ல என் பனியன்தான் நீலமா ஜொலிச்சுது. "சோப்புத்தூள்ல ஒரு கெமிக்கல் இருக்குக்கா, அதான்"னு விஞ்ஞானி மாதிரி விளக்கம் வேற குடுத்தேன்.

அடுத்து சோபா. கைப்பிடியில பளிச்சுனு மஞ்சளா ஒரு கறை!

"பாத்தீங்களா!"ன்னு துள்ளினேன்.

அக்கா குனிஞ்சு பாத்தாங்க. "ஏன் தம்பி, பூனைக்கு மனுஷன் மாதிரி நீள நீளமா அஞ்சு விரலா?"

சுதா டார்ச்சைப் பிடுங்கினா. அதே விரல் டிவி ரிமோட்ல. அதே விரல் குஷன்ல. குஷனைத் தூக்கினா, மசாலாவோட பாதி வஞ்சிரம் வறுவல்!

மஞ்சள்தூளும் அந்த வெளிச்சத்துல மின்னுமாம். பாவி மனுஷன், கடைக்காரர் அதைச் சொல்லவே இல்ல!

"சனிக்கிழமை நான் திருநீர்மலைல கோவிந்தா கோவிந்தான்னு சுத்திட்டு இருந்தேன். நீங்க இங்க இதையா தின்னுட்டு இருந்தீங்க?"

"பசி மயக்கம் சுதா…"

அவ அந்த மீனை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. எனக்கு மானம் போச்சு. பூனைகிட்ட குனிஞ்சு "சாரி"ன்னேன். அது என்னை மதிக்கவே இல்ல, சுதா கையில இருந்த மீனையே பாத்துட்டு இருந்துது.

டார்ச் இப்ப சுதாவோட ஹேண்ட்பேக்ல இருக்கு. கோயில்லேர்ந்து வந்ததும் முதல்ல என் கையில டார்ச் அடிச்சுப் பாக்கறா, அப்புறம்தான் பிரசாதம்.