என் பெயரில் வந்த பூனை மருந்து

பூனைக்குக் கொடுத்த மாத்திரையை நான் சாப்பிட்டிருக்கிறேன். முழுசாக இல்லை, அரை மாத்திரை. இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சிரித்தாயிற்று. நான் மட்டும் என் வாயால் சொன்னதில்லை. எனக்கு அவ்வளவு கூச்சம். (கல்யாணத்தில் ஐயர் என் பெயரைக் கேட்டதற்கே என் அம்மாதான் பதில் சொன்னார்.) எழுதுகிறபோது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பினாங்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் துறைமுகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. ஆங்கிலக் கடிதமெல்லாம் எழுதுவார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. ஆங்கிலத்தில் என் பெயரை மட்டும் அடையாளம் தெரியும்.

எங்கள் பூனை வெள்ளச்சி, மகள் மாலா பிறந்த வாரத்தில் குட்டியாக வந்து சேர்ந்தது. இருவருக்கும் அப்போது பதினைந்து வயது. ஒருத்தி இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போனாள். மற்றது கிழவியாகிவிட்டது. பல் கொட்டி, கண்ணில் பால் படர்ந்து, நாற்காலியில் ஏற முடியாமல் கீழே நின்று என்னைப் பார்க்கும். தூக்கி வைப்பேன். முதுகை நக்கிச் சுத்தம் செய்ய முடியாது, ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். மீனை வேகவைத்து முள் எடுத்துப் பிசைந்து கொடுப்பேன். அந்த மாதம் மீனையும் தொடவில்லை. சட்டி சட்டியாகத் தண்ணீர் மட்டும் குடித்தது.

"வயசாயிருச்சுலா. எஸ்டேட்டுல பூனைக்கு எவன் டாக்டர் பாத்தான்?" என்று சிரித்தார் எஸ்டேட்டில் வளர்ந்த என் கணவர்.

அவர் சிரித்ததால்தான் சொல்லாமல் போனேன். பூலாவ் திக்குஸில் மிருக டாக்டர் இருப்பதாகப் பக்கத்து வீட்டுச் சீன அக்கா சொல்லியிருந்தார். சந்தைக்குக் கொண்டுபோகிற பாசார் கூடையில் வெள்ளச்சியை வைத்து, சாரோங்கால் மூடி, பஸ் ஏறினேன்.

"என்னக்கா, கோழியா?" என்றார் கண்டக்டர். தலையாட்டினேன். கோழி 'மியாவ்' என்றது. இறங்கும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் ஒரு சீனப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "நாமா?" என்று மலாயில் பெயர் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் எழுந்து நின்று சொல்வோமே, அதே மாதிரி நிமிர்ந்து, "பார்வதி" என்றேன்.

உள்ளே போனதும் டாக்டர் வெள்ளச்சியின் தலையைத் தடவி, "பார்வதி, பார்வதி" என்று கொஞ்சினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருத்திச் சொல்லலாம் என்றால் கதவுக்கு வெளியே நாயோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்தார்கள். போகட்டும் என்று விட்டேன். டாக்டர் மலாயும் ஆங்கிலமும் கலந்து வெகுநேரம் பேசினார். என் மலாய் மீன் விலை கேட்கிற மலாய். எல்லாவற்றுக்கும் "யா, யா" என்றேன். அவர் முகம் வாடியிருந்தது. பாவம், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் அரை மாத்திரை என்பது மட்டும் புரிந்தது. ஒரு பழுப்பு உறை, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள். இரண்டின் மேலும் நாய்ப் படம் அச்சடித்திருந்தது. வீட்டில் பார்த்தால் வம்பு என்று பஸ் நிறுத்தத்திலேயே படமும் தலைப்பும் இருந்த மேல்பகுதியைக் கிழித்துப் போட்டேன். (அன்றைக்கு என்னைவிடக் கெட்டிக்காரி பினாங்கில் இல்லை.) கீழே என் பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது.

மறுநாள் காலையில் காப்பித்தூள் தேடிய என் கணவர் கையில் இரண்டும் சிக்கின. படித்துவிட்டு வந்து நின்றார்.

"பார்வதி, ஏன் எங்கிட்ட சொல்லல?"

டாக்டரிடம் போன விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். "சிரிப்பீங்கன்னுதான்."

"சிரிப்பேனா? நான் என்ன மிருகமா?" அவர் குரல் உடைந்தது. அரை மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார். இது வெள்ளச்சிக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மாத்திரையைப் போட்டுவிட்டார்.

நாக்குக்கு அடியில் ஒதுக்கி, பின்கட்டுக்கு ஓடி, முந்தானையில் துடைத்து, மீனில் பிசைந்து வெள்ளச்சிக்குக் கொடுத்தேன். அப்படி ஒரு கசப்பு.

அன்று சாயங்காலம் அவரே தேநீர் போட்டார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. ஒரு கம்பளி வாங்கிவந்து எனக்குப் போர்த்தினார். பினாங்கு வெயிலில் வேர்த்து ஊற்றியது. "ஒனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டார். அதையும் அவர் கேட்டதே இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். விழுங்கிவிட்டேன். வெள்ளச்சிக்கு அன்று மருந்து இல்லை. சாயங்காலம் அது தலையைத் தூக்கவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு. சுங்கை பாக்காப்பிலிருந்து அவருடைய அக்கா, பஸ்ஸும் ஃபெரியும் ஏறி, இளநீரோடு வந்து இறங்கினார். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"பொட்டப்புள்ளய விட்டுட்டுப் போகப் போறியேடி!"

"எங்கக்கா?"

"எங்கிட்ட மறைக்காத. தம்பி போன் போட்டுச் சொல்லிட்டான்."

அந்த நேரம் பார்த்து அவர் மாத்திரையோடு வந்தார். அடுப்போரம் வெள்ளச்சி கிடந்தது. இதையும் விழுங்கினால் அதற்கு இன்றைக்கும் மருந்து கிடையாது. எப்படித்தான் சொன்னேனோ, "அது வெள்ளச்சியோட மாத்திரைங்க" என்றேன்.

மாலா அப்பாவின் சட்டைப் பையிலிருந்து தாளை உருவினாள். ஆங்கிலத்தைத் தமிழில் சத்தமாகச் சொன்னாள். "பார்வதி. கிட்னி ரெண்டும் போயிருச்சு. குணமாக்க முடியாது. கொஞ்ச நாள்தான். சூடா வச்சிருங்க. பிடிச்சதைச் சாப்பிடக் குடுங்க." நிமிர்ந்து, "அப்பா, இது பூனைப்பா!" என்று சிரிக்க ஆரம்பித்தாள்.

அக்கா தம்பியின் முதுகில் அடித்தார். "அடப்பாவி! ஒரு பூனைக்கா ஃபெரி முழுக்க அழுதுகிட்டு வந்தேன்?" என் கணவர் சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வீடே அதிர்ந்தது.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில் அழுகிறேன் என்று இன்னும் சிரித்தார்கள். மாலாதான் கிட்டே வந்து, "என்னம்மா?" என்றாள்.

"டாக்டர் சொன்னது எனக்குப் புரியலடி. மாத்திரை குடுத்தா நல்லாயிரும்னு இருந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

வெள்ளச்சி அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தது. தினமும் காலையில் என் கணவர்தான் கம்பளியோடு அதை மடியில் வைத்து, "பார்வதி, வாயத் தொற" என்பார். அதுவும் திறக்கும். போன பிறகு பின்கட்டுப் பப்பாளி மரத்தடியில் அவரே குழி வெட்டினார். எஸ்டேட் பேச்சு எதுவும் பேசவில்லை.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் கெட்ட செய்தி சொன்னாலும் முதல் கேள்வி, "மனுஷங்களா, பூனையா?" அக்காதான் ஆரம்பித்து வைத்தார். மாலாவின் பிள்ளைகள் வரைக்கும் அதையே கேட்கிறார்கள்.

சில வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், வேலையிலிருந்து வந்த என் கணவர் நாற்காலியில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். "அக்கா, ஒரு கெட்ட சேதி" என்றேன். அவர் வாயில் பழக்கத்தில் வந்துவிட்டது.

"மனுஷங்களாடி, பூனையா?"

"மனுஷங்கதான்க்கா" என்றேன்.