வெளிச்சத்துக்கு எமர்ஜென்சி கோட்டா

லிங்கராஜபுரம், பெங்களூர்
2001, வெள்ளிக்கிழமை பிற்பகல்

பேரன்புக்குரிய மைத்துனர் சுந்தரம் அவர்களுக்கு ஓஸ்வால்ட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். மற்ற அளவுகளைப் பற்றி விளக்கவே இந்தக் கடிதம். ஆனேக்கலில் உங்கள் வீட்டு மாடி அறை காலியாக இருப்பதாகப் போன மாதம் சொன்னீர்கள். அதில் நான் சில காலம் தங்கலாமா என்று தெரிய வேண்டும். தங்கச் சொல்வது உங்கள் தங்கை கேத்தரின். எனக்கு அப்படியொன்றும் அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

உங்கள் மருமகன், என் மகன் தினேஷ் வைட்ஃபீல்டில் என்ன வேலை பார்க்கிறான் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் ‘கம்ப்யூட்டர்’ என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். போன மாதம் அவனே எனக்கு விளக்கிவிட்டான். ஊருக்கு ஊர் மண்ணுக்கடியில் தலைமுடி போலக் கண்ணாடி இழை போட்டிருக்கிறார்கள். அதில் ஒரே நேரத்தில் பல நிறங்களில் ஒளி போகும். ஒவ்வொரு நிறமும் ஒரு தனி வழி. ஒரு வங்கி தன் கணக்கையெல்லாம் சென்னைக்கு அனுப்ப வேண்டுமானால், நாளை பத்து மணி முதல் பதினொன்று வரை ஒரு நிறம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். காலியான நிறத்தைத் தேடி ஒதுக்குவது தினேஷ் எழுதும் புரோகிராம். புறப்பட்ட நிறத்திலேயே கடைசி வரை போவதுதான் நல்லதாம். நியாயந்தானே, ஜோலார்பேட்டையில் எழுப்பி பெர்த் மாறச் சொன்னால் யார் மாறுவார்கள்? வாழ்நாளெல்லாம் ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்தவனிடம் இதைப் போய்ச் சொன்னது அவன் தவறு.

“எல்லாத்தையும் குடுத்துடாதேடா. கடைசி நிமிஷத்துல பெரிய மனுஷன் யாராச்சும் வந்து நின்னா என்ன பண்ணுவே? ஒரு நிறத்தை எமர்ஜென்சி கோட்டான்னு எடுத்து வை” என்றேன்.

“வெளிச்சத்துக்கு ஏதுப்பா வி.ஐ.பி.?” என்று சிரித்தான். சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொன்னேன். நிம்மதியாகச் சாப்பிடுவதற்காகச் சேர்த்துவிட்டான். அதைப் பார்த்த அவன் மேனேஜர் சாந்தகுமாரி மேடம், “சக்கத்தா இருக்கு தினேஷ், பிரமாதம்! சேல்ஸுக்கும் ஒண்ணு வச்சுடுங்க” என்றாராம். சேல்ஸுக்கு வைத்ததைக் கேள்விப்பட்டு அக்கவுண்ட்ஸ்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்குக் கொடுத்துவிட்டு டைரக்டருக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா, அவருக்கும் ஆயிற்று. சோதனைக்கென்று வைத்திருந்ததே மொத்தம் நாலு நிறம். இந்தக் கடைசி மூன்றும் நான் சொன்னதல்ல என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

இன்று காலை, வாங்க வந்தவர்களுக்கு முன்னால் டெமோ. இந்த வருஷம் வைட்ஃபீல்டில் ஆட்களைக் கொத்துக்கொத்தாக வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இது விற்காவிட்டால் தினேஷின் குழுவையும் கலைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்திருந்த வங்கிப் பெரியவர், “நாளைக்குக் காலைல சென்னைக்கு ஒரு லைன் போடுங்க, பாக்கலாம்” என்றிருக்கிறார். இழை முழுக்கக் காலி, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இயந்திரம் ‘வெயிட்டிங் லிஸ்ட் 1’ என்றது. அடுத்த வாரத்துக்குக் கேட்டார், அடுத்த மாதத்துக்குக் கேட்டார், அதே பதில். யோசித்துச் சொல்வதாக எழுந்துவிட்டார்கள். தினேஷ் மத்தியானமே வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான்.

“வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி, சார்ட் போடறப்போ மிச்ச கோட்டாவையெல்லாம் தெறந்து விட்டுடணும்டா, இது யாருக்குத்தான் தெரியாது?” என்று ஆறுதலாகத்தான் சொன்னேன்.

“அதை மட்டும் நீ சொல்லவே இல்லையேப்பா” என்றான் சுவரிடம்.

கேத்தரின் அடுப்படியிலிருந்து வந்தாள். “ரிடையர் ஆனவங்க எல்லாம் ரோஜாச்செடி வளக்கறாங்க. நீங்க பெத்த புள்ள பொழப்புல கோட்டா வளக்கறீங்க. ஆனேக்கல் பஸ் எப்பன்னு பாருங்க!”

பார்த்துவிட்டேன். அவன் வேலைக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இனி யாருக்கும் யோசனை சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசீரும், நாய்க்கு நான் வரும் செய்தியும் சொல்லவும்.

இப்படிக்கு,
ஓஸ்வால்ட்

பி.கு.: உறையை ஒட்டும்போது சாந்தகுமாரி மேடம் போன் செய்தார். வாங்கிவிட்டார்களாம்! பெரியவர் திரும்பி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: “அந்த எமர்ஜென்சி கோட்டா யார் கையில இருக்கும்?” “உங்க கையிலதான் சார்.” உடனே கையெழுத்து. மற்ற மூன்று கோட்டாக்களையும் தம் பெயருக்கே மாற்றித் தர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தினேஷ் எழுந்து சாப்பிடுகிறான். மாடி அறை வேண்டாம். கேத்தரின் உங்களுக்கு எழுதச் சொன்னது: இந்தக் கோட்டா யோசனை முதலில் அவளுக்குத்தான் தோன்றியதாம்.