திரேஸ்புரத்தில் நான் கேட்ட முதல் கேள்வி

ஒருவன் தன் மொத்தப் படிப்பையும் இரண்டே சொற்களில் கடலில் கரைக்க முடியுமா என்றால், முடியும். நான் கரைத்திருக்கிறேன். சாட்சிக்கு மூன்று வள்ளத்து ஆட்கள் இருந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் சமூகவியல் எம்.ஏ. கடைசி வருடம். அப்பாவுக்குத் தூத்துக்குடியில் பலசரக்குக் கடை. பூர்வீகம் பனங்காட்டுப் பக்கம். எங்கள் சொந்தத்தில் அதுவரை யாரும் சமூகவியல் படித்ததில்லை. "அதைப் படிச்சா என்ன வேலைடே கெடைக்கும்?" என்று யாராவது கேட்டால் அப்பா, "சமுதாயத்தைப் படிக்கான்" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் போனதும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். எங்கள் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இந்த வருடம் தேறினால் விரிவுரையாளர் வேலை தேடலாம். தேறாவிட்டால் கடையில் மிளகாய் வற்றல் மூட்டைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலை அவர் ஏற்கெனவே வாங்கிப் போட்டுவிட்டார்.

தேறுவதற்கு ஒரு களஆய்வு அறிக்கை எழுத வேண்டும். எனக்குக் கிடைத்த தலைப்பு, நெறிபிறழ் நடத்தை. எங்கள் பேராசிரியர் வகுப்பில் அதை அழகாகச் சொல்லுவார். "எந்தச் செயலும் தானாகத் தப்பாவதில்லை. கோயிலுக்குள்ளே செருப்புப் போட்டால் தப்பு, என் வகுப்புக்குச் செருப்பில்லாமல் வந்தால் தப்பு. கூட்டம்தான் விதியை வைக்கிறது. மீறினவனைப் பார்த்து முகம் சுளிக்கும், கேலி பண்ணும், ஒதுக்கி வைக்கும். உங்கள் விதி என்ன என்று நேரே கேட்டால் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். எவனாவது மீறும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள்." நான் இதைக் குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். (போட்டதோடு சரி.)

முதல் இரண்டு அறிக்கைகளை நூலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தே எழுதி முடித்தேன். இரண்டும் சிவப்பு மையில் ஒரே வரியோடு திரும்பி வந்தன: "ஆட்களைப் போய்ப் பார்." மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

திரேஸ்புரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு நான் வைத்திருந்த காரணத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மீனவர் தெரு என்றால் அடிதடி, கடத்தல், சாராயம் என்று ஏதாவது மாட்டும், அறிக்கை காரசாரமாக வரும் என்று நினைத்தேன். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு அரை மணி நடையில் இருந்த கடற்கரையைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

மக்களோடு மக்களாகக் கலந்து கவனிக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொன்னது. ஆகவே பெல்பாட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுச் சாரம் ஒன்று வாங்கிக் கட்டினேன். (வெளியூர்க்காரர்களுக்கு லுங்கி.) மொடமொடவென்று கஞ்சி போட்ட துணி, இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது. பின்பக்கம் கம்பெனிச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது எனக்குத் தெரியாது. மேலே பனியன், கையில் அட்டை, காதில் பென்சில். நான் யாரோடும் கலக்கவில்லை என்பதை முதலில் கண்டுகொண்டவை திரேஸ்புரத்து நாய்கள்.

சாயங்காலம் நாலு மணி. வலையை ஏற்றிக்கொண்டு வள்ளங்கள் கிளம்புகிற நேரம். பத்துப் பன்னிரண்டு வள்ளங்கள் வரிசையாக நின்றன. எல்லோரிடமும் கேட்கக்கூடாது, மூன்றில் ஒரு வள்ளம் என்று பொறுக்கிக் கேட்பதுதான் முறை என்று படித்திருந்தேன். முதல் வள்ளம் சூசை சம்மாட்டியுடையது. (சம்மாட்டி என்றால் வள்ளத்தின் சொந்தக்காரர்.) ஏழு பேர் தோள் கொடுத்து அதைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் நேரே முன்னால் போய் நின்று, கேள்வித்தாளின் முதல் கேள்வியைக் கணீரென்று கேட்டேன்.

"அண்ணாச்சி, எங்க போறீங்க?"

வெளியே கிளம்புகிறவரை அப்படிக் கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தினமும் கடைக்கு மட்டுமே போகிற என் அப்பாவைக்கூட அம்மா "தூரமா?" என்றுதான் கேட்பாள். ஆனால் அதெல்லாம் வீட்டில். கையில் அட்டை பிடித்தவனுக்குச் சகுனம் ஏது என்பது என் எண்ணம்.

ஏழு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சம்மாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். வள்ளத்திலிருந்து கையை எடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். மற்ற ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். நான் "பதில் இல்லை" என்று எழுதிக்கொண்டு, நடுவில் இரண்டு வள்ளங்களை ஒழுங்காக விட்டுவிட்டு நாலாவது வள்ளத்துக்குப் போனேன்.

அங்கேயும் கேட்டேன். அவர்களும் உட்கார்ந்தார்கள். "பதில் இல்லை." ஏழாவது வள்ளத்தில் ஒருவர், நான் வருவதைப் பார்த்ததுமே, "வேண்டாம்ல, கேட்டுராதல!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கேள்வியை மாற்றினால் ஆய்வு கெட்டுவிடுமே! கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் கரையில் இருபது ஆண்கள் மணலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவிலிருந்து பெண்களும் வந்துவிட்டார்கள்.

"ஏலே, யாருல நீ? கஸ்டம்ஸ்காரன் ஆளா?" என்றார் சூசை சம்மாட்டி.

"இல்ல அண்ணாச்சி, காலேஜுல படிக்கேன். நெறிபிறழ் நடத்தையப் பத்தி ஆராய்ச்சி."

"அப்படின்னா?"

"ஒரு ஊர்ல எல்லாரும் ஒத்துக்கிட்ட விதி இருக்கும்லா? அதை மீறுதவங்களத் தேடிப் பாத்து..."

சம்மாட்டியின் மனைவி ரெஜினா அக்கா இடுப்பில் கை வைத்து முன்னால் வந்தார். "அப்ப அந்தப் பயலக் கண்டுபிடிச்சிட்டியாடே?"

"எந்தப் பயல அக்கா?"

"கிளம்புன மூணு வள்ளத்த உக்கார வச்சானே, அவன!"

இரண்டு கோடு போட்டு வைத்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த இடம் சரியில்லை. நாலாவது வள்ளத்து ஆள் ஒருவர், "இவனத் தூக்கிக் கடல்ல போட்டா என்ன?" என்று யோசனை கேட்டார். எனக்குப் பயத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. என் எம்.ஏ.வுக்காக இருபது வீட்டுப் பிழைப்பை ஒரு நாள் கெடுத்துவிட்டேனே என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அட்டையைக் கீழே போட்டேன். "தப்புதான் அக்கா. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

ரெஜினா அக்கா கொஞ்சம் இறங்கி வந்தார். "கிளம்பும்போது குறுக்கே ஒண்ணு வந்தா என்ன செய்வோம்? உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடி கிளம்புவோம். கெடுத்தவனே கொண்டாந்து குடுக்கட்டும்" என்று சொல்லி, தன் வீட்டுக் குசினியிலிருந்து (கடற்கரையில் அடுப்படிக்கு அதுதான் பெயர்) தளும்பத் தளும்ப ஒரு மண்குடத்தை என் கையில் கொடுத்தார்.

இரண்டு கையாலும் குடத்தை அணைத்துக்கொண்டு மணலில் நடந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் சாரம் இளகியது. ஆறாவது எட்டில் ஒருபக்கம் இறங்கியது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சாரத்தைப் பிடித்தால் குடம் போகும், குடத்தைப் பிடித்தால் மானம் போகும். குடம் உடைந்தால் அது இன்னொரு கெட்ட சகுனம், அப்புறம் இவர்கள் நாளைக்கும் கிளம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. குடத்தைப் பிடித்தேன். புதுச் சாரம் கம்பெனிச் சீட்டோடு மணலில் விழுந்தது. நான் பட்டாப்பட்டி டவுசரோடு, சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் நடந்து போய் சம்மாட்டி முன்னால் நின்றேன்.

முதலில் சிரித்தது ரெஜினா அக்கா. பிறகு கரை முழுக்கச் சிரித்தது. என்னைக் கடலில் போடச் சொன்னவர் மணலில் உருண்டே சிரித்தார். சம்மாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாரத்த விட்டான், குடத்த விடல பாருல! நல்ல பயதான்டே" என்றார். இருபது பேரும் என் கையால் வாங்கிக் குடித்தார்கள். சாரத்தை யாரோ எடுத்து வந்து என் தோளில் போட்டார்கள். வள்ளம் தண்ணீரில் இறங்கும்போது சம்மாட்டி அதன்மேல் ஏறி நின்று கத்தினார்.

"ஏலே, இப்பக் கேளுல!"

"தூ... தூரமா அண்ணாச்சி?"

"ஆமா, தூரம்தான்!" என்று இருபது பேரும் கத்திக்கொண்டே போனார்கள்.

அன்று எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. காலையில் கரைக்கு ஓடினேன். பெரிய மீன்பாடு என்று புளுக மாட்டேன், ஆனால் மற்ற வள்ளங்களைவிடக் குறைவில்லை. அப்பாடா என்று இருந்தது. ரெஜினா அக்கா காப்பி கொடுத்து, "இனி கேளுடே, என்ன கேக்கணுமோ" என்றார். பத்து நாள் அந்தக் குசினி வாசலில் உட்கார்ந்து, எப்போது என்ன கேட்கலாம் என்று முதலில் கேட்டுவிட்டுக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிறவனை ஊர் என்ன செய்யும், அடுத்தவன் வலையில் கை வைத்தவனிடம் எத்தனை நாள் பேசாமல் இருக்கும், பிறகு எப்படிச் சேர்த்துக்கொள்ளும் என்று எல்லாம் சொன்னார்கள். கடத்தல்காரன் ஒருவனும் அகப்படவில்லை.

அறிக்கையில் நேரில் கண்ட நெறிபிறழ்ந்தவர் எண்ணிக்கை ஒன்று, ஆண், வயது இருபத்திரண்டு என்று எழுதினேன். உட்கார்ந்தது, விசாரித்தது, கேலி செய்தது, தண்ணீர் சுமக்க வைத்தது, சிரித்துச் சேர்த்துக்கொண்டது எல்லாவற்றையும் டவுசர் உட்பட எழுதினேன். பேராசிரியர் சிவப்பு மையில் ஒரு வரிதான் போட்டிருந்தார்: "ஆளைப் பார்த்துவிட்டாய்." தேறினேன். அப்பா அந்த ஸ்டூலின் மேல் எண்ணெய் டின்னைத் தூக்கி வைத்தார்.

மூன்று வருடம் கழித்து, விரிவுரையாளராகி, எனக்குக் கல்யாணம். திரேஸ்புரத்திலிருந்து மூன்று வள்ளத்து ஆட்களும் வந்திருந்தார்கள். சாப்பாடெல்லாம் முடிந்து, பெண்ணோடு மறுவீட்டுக்குக் கிளம்பிக் காரில் கால் வைக்கிறேன், பின்னாலிருந்து இருபது குரல் ஒன்றாகக் கேட்டது.

"மாப்ளே, எங்க போறீங்க?"

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாமனார் வீட்டார் திகைத்து நின்றார்கள். ரெஜினா அக்கா தண்ணீர்ச் சொம்போடு தயாராக நின்றார். "உக்காந்து குடிச்சிட்டுப் போடே. ஒரு கையால குடி, இன்னொரு கையால வேட்டியப் பிடிச்சுக்கோ!" நான் அப்படியே செய்தேன். ஏன் என்று புதுப்பெண் கேட்க, கார் மாமனார் வீட்டை அடைவதற்குள் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்றைக்கும் நான் வாசலில் செருப்பை மாட்டினால் என் மனைவி எங்கே என்று கேட்பதில்லை. சொம்பை நீட்டி, என் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கெட்டியாக் கட்டியிருக்கீங்களா?" என்றுதான் கேட்கிறாள்.