மாமனார் காரும் முட்டை அட்டையும்

சோம்பேறி மருமகனால் எந்தக் குடும்பமும் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சேதமெல்லாம் கெட்டிக்கார மருமகனால்தான் வருகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், இதை நானே செய்து காட்டினேன்.

என் மாமனாருக்கு நாமக்கல்லை ஒட்டிக் கோழிப்பண்ணை. பண்ணையைவிட அவருக்குப் பெருமை, ஏற்காட்டு எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன சீமைக் கார். பானட்டின் உட்புறம் முழுக்க ஃபோம் ஒட்டியிருக்கும். என்ஜினின் சத்தமும் சூடும் வெளியே வராமலிருக்க வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு. நம் ஊர் வெயிலில் அது மக்கிப்போய், திறக்கும்போதெல்லாம் மஞ்சள் தூளாக உதிர்ந்தது. தூள் போய் என்ஜினின் மூக்கை அடைத்தது. காரும் இருமியது, மாமாவும் இருமினார்.

அந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தியாள் சுமதிக்கு வெண்ணந்தூரில் ஒரு வரன் அமைந்தது. பையனுக்குச் சேலத்தில் வேலை. சுமதிக்கு அவனைப் பிடித்துவிட்டது (பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து கண்ணாடியை விட்டு நகரவில்லை). ஒரே சிக்கல், அவர்கள் ஏதோ வேண்டுதலுக்காகக் கறி, முட்டை என்று கவிச்சியையே விட்ட குடும்பம். கோழிப்பண்ணை வீட்டில் பெண்ணெடுப்பதா என்று பையனின் அம்மா தயங்கினார்.

"பண்ணை வேற, ஊடு வேறங்க. எங்க ஊட்டுப் பக்கம் முட்டை வாசமே அடிக்காதுங்க" என்று மாமா கூசாமல் சொன்னார். (அன்று காலை நாங்கள் இருவரும் சாப்பிட்டது முட்டை தோசை.)

கடைசியில், வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகச் சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு.

அதற்குள் கார் இருமாமல் ஓட வேண்டும். லாரிப் பட்டறையில் கேட்டால், "இதுக்குத் தோதான ஷீட்டு மெட்ராஸ்ல சொல்லித்தானுங்க வரோணும்" என்றார்கள்.

"மெட்ராஸ் எதுக்குங்க மாமா? நான் பாத்துக்கறேன்" என்றேன். பி.எஸ்சி. பௌதிகம் படித்தவன் நான். பாட்டுப் பதிவு செய்யும் அறைகளில் சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டுவார்கள் என்று ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் வாசித்திருந்தேன். மாமனார் பண்ணையில் முட்டை அட்டைக்கா பஞ்சம்?

மாமியாரின் தோசைக் கரண்டியால் பழைய ஃபோமைச் சுரண்டினேன். மைதாவில் மயில்துத்தம் போட்டு, போஸ்டர் ஒட்டுகிற பசை காய்ச்சினேன். புது அட்டை தர மாமாவுக்கு மனசு வரவில்லை. முட்டை உடைந்து வழிந்து, கருவெல்லாம் காய்ந்து பிடித்த அட்டைகளாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

"உள்ளுக்குத்தானுங்க மாப்ள, யாரு பாக்கப் போறாங்க?"

நானும் தலையாட்டினேன். ஃபோம் சத்தத்துக்கு மட்டுமல்ல, சூட்டுக்கும்தான் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன் அல்லவா? அன்றைக்கு அது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வெண்ணந்தூர் வரை கார் பூனை மாதிரி போனது. "படிச்ச மாப்ள படிச்ச மாப்ளதானுங்க" என்று மாமா வழியெல்லாம் மெச்சினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அடக்கமாக இருப்பதுபோல் நடித்தேன்.

அங்கே பையன் வீட்டாரை ஏற்றிக்கொண்டோம். முன்னால் மாமா, நான், பையன். பின்னால் அவனுடைய அப்பா, அம்மா, என் மாமியார். பையனின் அம்மா மடியில் பூக்கூடை, என் மாமியார் காலடியில் அபிஷேகத் தண்ணீர்க் குடம். கோயிலுக்குப் போகும் வண்டிப்பாதையில் சில குழிகளில் ஏறி இறங்கியதும் பானட்டுக்குள் 'தொப்' என்று ஏதோ விழுந்தது. சற்று நேரத்தில் வாசம் வந்தது.

என்ன வாசம் என்று எனக்கும் மாமாவுக்கும் மாமியாருக்கும் உடனே தெரிந்துவிட்டது. மூவரும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டோம்.

"என்னமோ கருகுதுங்களே?" என்றார் பையனின் அப்பா.

"வெயிலுக்குப் பெட்ரோல் அப்படித்தானுங்க" என்றார் மாமா.

பையனின் அம்மா முந்தானையால் மூக்கை மூடினார். "எனக்கென்னமோ சகுனம் செரியில்லீங்க. வண்டியத் திருப்புங்க. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி முன் நின்ற சுமதி நினைவுக்கு வந்தாள். என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

அப்போது பையன் மூக்கை உயர்த்தி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான்.

"ஆம்லெட்டுங்க" என்றான். "திருப்பிப் போடாம உட்டுட்டாங்க. ஒரு பக்கம் தீயுது."

மாமா பிரேக்கை மிதித்தார்.

"உனக்கெப்படி சாமி தெரியும்?" என்று கேட்டார் அவனுடைய அம்மா.

பதில் வருவதற்குள் புகை வந்தது. இறங்கி ஓடிப் பானட்டைத் திறந்தோம். பசை விட்டு விழுந்த அட்டை சைலன்சர் குழாய் மேல் கனன்றுகொண்டிருந்தது. காய்ந்த கரு பொரிந்து பொன்னிறம் தாண்டிவிட்டது. என் மாமியார் அபிஷேகத் தண்ணீர் முழுவதையும் என்ஜினுக்கு ஊற்றினார்.

ஆனால் என்ஜினை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பையனைப் பார்த்தார்கள்.

"சேலத்து மெஸ்ஸுல... எப்பவாச்சும்தானுங்கம்மா."

"எப்பவாச்சும்னா?"

"தெனமுங்கம்மா."

அம்மா மகனைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "கோயல் பக்கந்தானுங்க. நடந்தே போயரலாம்" என்று பூக்கூடையை எடுத்துக்கொண்டார்.

சாமி வெள்ளைப் பூ கொடுத்தது. சிவப்பு வந்திருந்தாலும் அந்த அம்மா இன்னொரு தடவை கேட்டிருப்பார் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பிள்ளைக்குக் கோழிப்பண்ணை வீட்டைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்?

பிறகு மெட்ராஸிலிருந்து ஷீட் வந்தது. பட்டறையில் ஒட்டி முடிக்கும்வரை மாமா என்னை டீக்கடையிலேயே உட்கார வைத்திருந்தார். இன்றுவரை அந்த வீட்டில் நான் சுத்தியலைத் தொட்டால் யாராவது ஒருவர் தண்ணீர்க் குடத்தைத் தேடுகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் ஆம்லெட்டுக்குப் பெயர் 'பானட்டு'. எனக்குச் சகலையாகிவிட்ட அந்தப் பையன் வந்தால், அவன் பெற்றோர் காதுபடவே, "மாப்ளைக்குப் பானட்டு ஒன்னா ரெண்டா?" என்று மாமியார் கேட்பார். அவர்கள் காது கேட்காதவர்கள்போல் இருந்துகொள்வார்கள்.

பல வருடம் கழித்து, சகலையின் அம்மா காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது, முட்டை சாப்பிட்டால்தான் தெம்பு வரும் என்றார் டாக்டர். "செத்தாலும் தொட மாட்டேன்" என்று சாதித்தார் அந்த அம்மா. ஒரு நாள் காலையில், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, சுமதியைக் கூப்பிட்டாராம்.

"முட்டை கிட்டையெல்லாம் எனக்கு வேண்டாஞ்சாமி. அந்தப் பானட்டு ஒன்னு போட்டுக் கொண்டா. மறக்காமத் திருப்பிப் போடு."