செத்த வீட்டுக்குப் பாண்

கோபம் வந்தால் மனிதனுக்கு அறிவு குறையுமாம். எனக்குக் கூடிவிடும். அதுதான் ஆபத்து.

நாவற்குடாவில் என் மனைவியின் மாமா இறந்து, அடக்கம் முடிந்த மத்தியானம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. வாகரையிலிருந்து வந்த சனம், சின்னப்பிள்ளைகள் எல்லாம் பசியோடு இருக்க, பாண் (அதுதான், பிரெட்) வாங்க என்னை அனுப்பினார்கள். கூடவே சுவிசிலிருந்து வந்திருந்த மனைவியின் தம்பி ரமணனையும். (அனுப்பியவர்கள் இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.)

பேக்கரியில் அப்போதுதான் தட்டுத் தட்டாகச் சூட்டுப் பாண் இறங்கியிருந்தது. ரமணன் கடைக்காரக் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), "ஐயா, முப்பது வெதுப்பி தாங்கோ" என்றான்.

"அப்படி ஒண்டும் இஞ்ச போடுறல்ல தம்பி."

"பாண் எண்டு கேளன்டா!" என்றேன்.

"அத்தான், அது போர்த்துக்கீசன்ட சொல்லு. வெதுப்பிதான் தமிழ். பழைய தமிழில பாண் எண்டா பாட்டு."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "அப்ப செத்த வீட்டில சனம் பாட்டையாடா திங்கிற? போர்த்துக்கீசன் அதை மூக்கால 'பௌங்' எண்டுவான். பிரெஞ்சுக்காரன் 'பேங்'. பம்பாயில 'பாவ்'. சிங்களவனுக்கும் யப்பான்காரனுக்கும் 'பான்'. நாக்கை மடிச்சு 'ண்' போட்டது நாமடா! மடிச்ச உடனே அது நம்மட சொல்லு!"

"யப்பான்காரனோட கதைச்சிருக்கீங்களா அத்தான்?"

(இல்லை. ஆனால் கோபத்தில் எனக்கு எல்லா மொழியும் வரும்.) பதிலுக்கு நான் அவன் சுவிஸ் வாழ்க்கையை இழுத்தேன். அவன் என் படிப்பை இழுத்தான். மேசையில் குத்தியபோதுதான் கவனித்தேன். தட்டுகள் காலி.

"காக்கா, பாண் எங்க?"

"சாப்பாட்டுக் கடைத் தம்பி ஒராள் வந்தார். ஒரு சொல்லும் பேசல்ல, விரலால காட்டினார். எல்லாத்தையும் குடுத்திட்டன். போறணை அடுப்பு இனிப் பின்னேரம்தான் மூட்டுற."

"போறணையும் போர்த்துக்கீசச் சொல்..." என்று ரமணன் தொடங்கினான். அவனைக் கடிக்காமல் விட்டது என் நல்ல குணம்.

இரண்டு பிஸ்கட் டின்னோடு வீட்டுக்குப் போனோம். அழுதுகொண்டிருந்த மாமி டின்னைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பிள்ளையள் பசியில கிடக்குதுகள்" என்று தானே எழும்பிப் போய் அடுப்பை மூட்டினார். புருசனை அடக்கிய அன்றைக்கு. ஒருவரும் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ரமணன் மேல் எனக்கு ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. என் மேல் அதைவிடக் கூட. அண்மையில் நெஞ்சு வலித்தபோது (வாய்வுதான்), மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன்: "நான் செத்தா, வாற சனத்தைப் பசியில விட்டிராத."

"பயப்பிடாதீங்க. அண்டைக்குப் பாண் நேரத்துக்கு வரும். கதைக்க நீங்க இரிக்க மாட்டீங்களே."