நாற்றம் நின்றால்தான் பொன்னாடை

பொன்னாடையை இவ்வளவு பயங்கரமாகப் பயன்படுத்திய மனிதர் எங்கள் மேரு ஊரில் மட்டுமல்ல, மலேசியாவின் இந்தக் கிள்ளான் வட்டாரத்திலேயே வேறு யாரும் கிடையாது. எங்கள் தாமான் குடியிருப்பில் அவருக்குப் பெயரே பொன்னாடை அங்கிள். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் ஒரு துணிப்பை, அதற்குள் ஜரிகை போட்ட சால்வை. குப்பை லோரி எங்கள் தெருவை மட்டும் மறந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் அதை நடுரோட்டில் மறித்து, டிரைவரை இறக்கிப் பொன்னாடை போர்த்தி, அவர்தான் எங்கள் தெருவின் காவல் தெய்வம் என்று ஒரு சிற்றுரையும் ஆற்றிவிட்டார். அந்த மனிதர் என்ன செய்வார், பாவம்! அதற்கப்புறம் லோரி ஒருநாளும் தவறியதில்லை.

எண்பதுகளில் எங்களுக்குப் பெரிய தொல்லை ஒன்று வந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்காரன் கழிவுத் தண்ணீரை எங்கள் லோங்காங் சாக்கடையில் திறந்துவிட்டான். வாசல் காவாயில் கறுப்பாக நுரைத்துக்கொண்டு ஓடும். குடலைப் புரட்டும் நாற்றம். கடைசி வீட்டுச் செல்வி அக்காவின் மகள் மூச்சிழுப்பில் படாத பாடு பட்டாள். கூட்டம் போடாமல் இல்லை, போட்டோம். நகராண்மைக் கழக உறுப்பினர் வந்தார். நம் வழக்கப்படி எடுத்தவுடன் மாலை, பொன்னாடை. போர்த்தி முடித்ததும் வேறு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். செல்வி அக்கா மைக்கைப் பிடித்தபோது அவரோடு வந்தவர்களும் போய் முன்வரிசை காலி.

மறுவருடம் மறுபடியும் ஏற்பாடு. 'சுற்றுச்சூழல் நீதி: ஒரு கலந்துரையாடல்' என்று தமிழாசிரியர் தலைப்பு வைத்தார். ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து, யார் தலைமை, யார் வரவேற்புரை என்று நாங்கள் அடித்துக்கொண்டோம். அங்கிள் தே தாரிக்கை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"தலைப்பெல்லாம் ஓகே லா. பொன்னாடைய மட்டும் கடைசியில வைங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

கூட்டத்தன்று முன்வரிசையில், மேடையில் இருந்த அதே உறுப்பினருக்கு நேர் எதிரே அங்கிள் உட்கார்ந்தார். மடியில் சால்வை. வரவேற்புரை முடிந்ததும் உறுப்பினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தார். உடனே அங்கிளும் எழுந்து சால்வையை விரித்தார். ஜரிகை பளபளத்தது. அது இன்னும் பாக்கி இருக்கிறதென்று உறுப்பினர் உட்கார்ந்தார். அங்கிளும் மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆசிரியர் பேசும்போதும் இதே கூத்து. எனக்கு வாயைப் பொத்திச் சிரித்தே வயிறு வலித்துவிட்டது.

கடைசியாகச் செல்வி அக்கா வந்தார். புள்ளிவிவரம் ஒன்றும் இல்லை. மகள் ராத்திரியில் எப்படி உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்பதை மட்டும் சொன்னார்.

அங்கிள் மேடை ஏறினார். உறுப்பினர் எழுந்து, வசதியாகக் கழுத்தைக் குனித்துக் கொடுத்தார். அங்கிள் அவரைத் தாண்டிப் போய்ச் செல்வி அக்காவுக்குப் போர்த்தினார். பிறகு திரும்பி, மைக்கில் கேட்கும்படி, வெகு பணிவாகச் சொன்னார்:

"உங்களுக்கு இதைவிடப் பெருசா ஒன்னு எடுத்து வச்சிருக்கேன் சார். அந்த நாத்தத் தண்ணி நின்ன அன்னைக்கு, இதே மேடையில போடுறேன்."

கைத்தட்டல் அடங்கவே இல்லை. அதற்கப்புறம் அந்த உறுப்பினர் எங்கள் லோங்காங்கை மோந்து பார்க்க வந்ததுபோல யாரும் கோயிலுக்குக்கூட வந்திருக்க மாட்டார்கள். அதிகாரிகளோடு வருவார், தொழிற்சாலைக்குள் போவார், மறுபடி வந்து மோந்து பார்ப்பார். தொழிற்சாலையில் சுத்திகரிப்புத் தொட்டி கட்டினார்கள். தண்ணீர் தெளிந்தது. செல்வி அக்காவின் மகள் படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். அங்கிள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சால்வை நிஜமாகவே பெரியது, உறுப்பினரின் முட்டி வரைக்கும் தொங்கியது.

அந்த மேடையிலேயே நாங்கள் அங்கிளுக்கும் ஒன்று போர்த்தினோம். அவர் அதைக் கழற்றி, நான்காக மடித்து, அடுத்த ஆளுக்கு ஆகும் என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போதெல்லாம் எழுத்தாளன் என்று எனக்கும் எங்காவது பொன்னாடை போர்த்துகிறார்கள். போர்த்தியவுடன், என்ன வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டேனோ என்று பயந்து போகிறேன். பிறகு அந்தத் துணிப்பை முன்வரிசையில் எங்காவது தெரிகிறதா என்று என் கண் தேடுகிறது.