டோர்லைவ் விளக்கு வாங்கிய லட்சணம்

இந்தச் சனிக்கிழமைக்குள் விளக்கை வாங்கியே தீருவது என்று டோர்லைவ் ஆறாவது தடவையாக முடிவெடுத்தான். எடுத்த கையோடு சமையலறைக்குப் போய் உறைபெட்டியைத் திறந்தான். காட் மீன் துண்டங்களுக்கு நடுவே மூன்று கைவிளக்குகள் நேற்றிலிருந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்த்தான். மூன்றும் பளிச்சென்று எரிந்தன. அவனுக்கு ஒரே ஏமாற்றம்.

பெர்கன் நகருக்கு வடக்கே ஒரு தீவில், கார் ஏற்றும் படகில் இன்ஜின் பார்க்கிறவன் டோர்லைவ். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷமாக, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்டில் முக்குளிக்கிறான். குளிர்காலத்தில் தண்ணீர் நாலு டிகிரி. பத்து மீட்டருக்குக் கீழே பட்டப்பகலிலும் கும்மிருட்டு. பெரிய விளக்கு ஒன்று கையில் இல்லாமல் அங்கே யாரும் இறங்க மாட்டார்கள். அவனுடைய பெரிய விளக்கு ஜனவரியில் உயிரை விட்டது. இப்போது பிப்ரவரி முடியப் போகிறது. மனுஷன் இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தான்.

உட்கார்ந்தால் எழுந்தான். எழுந்தால் ஜன்னலுக்குப் போனான். அங்கிருந்து கணினிக்கு. சோதித்துப் பார்க்கக் கடன் வாங்கிய விளக்குகள் சோபாவில், சட்டைப்பையில், பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில்.

ஒருநாள் மனைவி குன்வோர் குளியலறைக் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டு. ஐஸ் போட்ட தண்ணீரில், கனத்த ரப்பர் கையுறையும் முக்குளிப்பு முகமூடியுமாக டோர்லைவ் உட்கார்ந்திருந்தான்.

"குளிக்கிறியா, தவம் பண்றியா?"

"ஸ்விட்ச் பாக்குறேன். விரல் விறைச்சுப் போனா திருகுற ஸ்விட்ச் உதவாது. தள்ளுறதுதான் சரி."

"அப்ப தள்ளுறதை வாங்கு."

"சுலபமாச் சொல்லிட்டே! வெளிச்சம் கம்பி மாதிரி குறுகலா வேணுமா, விரிஞ்சு வேணுமா? விரிஞ்சா கலங்கல் தண்ணியில எல்லாம் வெள்ளையாத் தெரியும். குறுகலா இருந்தாத்தான் கூட வர்றவனுக்கு சைகை காட்ட முடியும். அப்புறம் பேட்டரி. இடுப்புல கட்டி ஒயர்ல கைக்குக் கொண்டு வர்றதா, கையோட இருக்கிறதா? குளிர்ல பேட்டரி பாதி உசிரை விட்டுரும். இரு, விளக்குறேன்..."

"நாற்பது நாளா விளக்கிக்கிட்டுத்தான் இருக்கே, வாங்கத்தான் காணோம். அப்படியே அடுக்களையில கிடக்கிற பாத்திரத்தையும் விளக்கு."

ஆனால் கதவை மூடாமல் ஒரு கேள்வி கேட்டாள். "இந்தக் கைப்பிடி சின்னக் கைக்கும் பொருந்துமா?"

டோர்லைவுக்குக் கண்ணில் நீர் வராத குறை. இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக அவள் முக்குளிப்பைப் பற்றிக் கேட்கிறாள்! தண்ணீரில் இருந்தபடியே, பல் கிடுகிடுக்க, முக்கால் மணி நேரம் சொன்னான். அவளும் நின்று கேட்டாள். ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டதாகக்கூட ஞாபகம்.

உண்மையை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஜனவரியில் இருபத்தைந்து மீட்டரில் விளக்கு அணைந்தபோது, நெஞ்சில் மாட்டியிருந்த உபரி விளக்கை அவன் தடவினான். கையுறைக்குள் விரல்கள் கட்டையாகிவிட்டன. திருகத் திருக வழுக்கியது. கூட வந்த ஹால்கைர் திரும்பிப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷம் இன்னும் முடியவில்லை. விளக்கு வாங்கினால் இறங்க வேண்டும். வாங்காதவரை இறங்க வேண்டாம். நல்ல திட்டம். மூன்று விளக்கும் எரிந்து தொலைப்பதுதான் இடைஞ்சல்.

சனிக்கிழமை காலையில் குன்வோர் காரை எடுத்தாள். "முக்குளிப்பு கிளப்புல வாஃபிள் சுடுறாங்களாம், வா."

"நான் இறங்க முடியாதே, விளக்கு இன்னும்..."

"உன்னை யாரு இறங்கச் சொன்னா? வேடிக்கை பாரு."

படகுத்துறையில் கிளப் தலைவர் ஹால்கைர் உடுப்பு மாட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மூன்று காற்றுச் சிலிண்டர்கள் தயாராக இருந்தன. குன்வோர் பின்கதவைத் திறந்து இரண்டு பைகளை இறக்கினாள். ஒன்று டோர்லைவுடையது. இன்னொன்றிலிருந்து, உள்ளே தண்ணீர் புகாத முக்குளிப்பு உடுப்பு ஒன்றை எடுத்து, சாதாரணமாகக் காலை நுழைத்தாள்.

"இது... யாருது?"

"என்னோடது."

"நீ வியாழக்கிழமை வியாழக்கிழமை பாட்டு வகுப்புக்குத்தானே போனே?"

"இலையுதிர் காலத்துலேருந்து முக்குளிப்பு வகுப்பு. போன வாரம் பாஸ்."

"தலை நனைஞ்சு வந்தியே!"

"எப்பவும் மழை கொட்டுற பெர்கன் பக்கத்துல தலை நனைஞ்சிருந்தா எவன்யா காரணம் கேப்பான்?"

ஹால்கைர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

குன்வோர் புறங்கையில் ஒரு விளக்கை மாட்டி, கட்டைவிரலால் தள்ளினாள். கத்தி மாதிரி ஒரு வெளிச்சம் தண்ணீரில் இறங்கியது. டோர்லைவ் வாயைப் பிளந்தான்.

"நான் முதல்ல பிடிச்சிருக்குன்னு சொன்ன விளக்காச்சே!"

"ஆமா. மூணாவது நாளே நீ தேர்ந்தெடுத்துட்டே. மிச்ச நாளெல்லாம் நீ தேடினது விளக்கை இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "தூக்கத்துல எதையோ திருகிக்கிட்டே இருக்கியே, எனக்குத் தெரியாதா?"

டோர்லைவ் குனிந்து தன் பையின் ஜிப்பைத் திறந்து, மறுபடி மூடினான்.

"நான் ஹால்கைரோட இறங்குறேன். பன்னிரண்டு மீட்டர்தான். உன் உபரி விளக்குல தள்ளுற ஸ்விட்ச்சா மாத்தி வச்சிருக்கேன். வர்றதுன்னா எம் வெளிச்சத்துக்குப் பின்னாடியே வா. இல்லேன்னா கார்ல உக்காந்து காபி குடி."

பெண்டாட்டி கடலுக்குள், புருஷன் காருக்குள். ஊர் என்ன பேசும்? டோர்லைவ் உடுப்பை மாட்டினான்.

எட்டு மீட்டரில் தண்ணீரின் பச்சை கறுத்தது. மூச்சு வேகமாக ஏறியது, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான். கை நெஞ்சுக்குப் போனது, ஒரே தள்ளு, சின்ன விளக்கு எரிந்தது. முன்னால் பாறைச் சுவரில் குன்வோரின் வெளிச்சம் நிதானமாக ஒரு வட்டம் போட்டது. சரியா இருக்கியா? அவனும் கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டான். இருக்கேன். வெளிச்சம் நகர்ந்து ஒரு பாறை இடுக்கில் நின்றது. அங்கே ஓநாய்மீன் ஒன்று, டிக்கெட் இல்லாத பயணியைப் பிடித்த நடத்துனர் மாதிரி, மூவரையும் முறைத்தது. டோர்லைவ் முகமூடிக்குள் சிரித்தான். மூச்சை எண்ணுவதை எப்போது விட்டான் என்று அவனுக்கே தெரியாது.

கரையேறியபோது பனியும் மழையுமாகக் கொட்டியது. வாஃபிளில் பழுப்புப் பாலாடைக்கட்டியை மடித்துத் தின்றுகொண்டே டோர்லைவ் ஓயாமல் பேசினான்.

"அடுத்த சனிக்கிழமையும் போறோம்! எனக்கும் ஒண்ணு வாங்கணும். உன்னுது மாதிரியே வாங்கலாமா, இல்ல வெளிச்சம் இன்னும் கொஞ்சம் விரிஞ்சதா, இடுப்புல பேட்டரி வச்சு..."

குன்வோர் அவன் தட்டிலிருந்த மிச்ச வாஃபிளையும் எடுத்துக்கொண்டாள்.

"அவசரமே இல்ல, நிதானமாத் தேடு. அதுவரைக்கும் எம் பின்னாடியே வந்துக்கிட்டிரு."